கோதுமை குடியிருந்த வீடு

வாங்க முடியாத வீடுகளைப் பார்ப்பது என்னுடைய கெட்ட பழக்கம். பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவி, அடுப்படி விளக்கை அணைத்த பிறகு போனை எடுத்து ரைட்மூவ் என்கிற வீடு விற்பனைத் தளத்தைத் திறப்பேன். முதலில் யோக்கியமாக எங்கள் சக்திக்கு உட்பட்ட விலையைப் போடுவேன். பிறகு மேல்வரம்பை ஒரு படி ஏற்றுவேன். அப்புறம் இன்னொரு படி. ஹாரோவில் எங்களுக்கு ஒரு செமி-டிட்டாச்ட் வீடு இருக்கிறது; அதன் கடனே என் ஓய்வு வயதை எட்டிப் பார்க்கிறது. அது ஒரு பக்கம் இருக்க, நடுநிசிக்குள் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையும் கார்ன்வாலில் ஒரு மீனவர் வீடும் வேல்ஸில் ஒரு பழைய தேவாலயமும் வாங்கி, அலுத்து, விற்றும் முடித்திருப்பேன். காலையில் மெட்ரோபாலிட்டன் லைனில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தப் பழக்கம் பார்வையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆனால் நார்ஃபோக்கில் ஒரு பார்ன் விற்பனைக்கு வந்தது.

வடக்கு நார்ஃபோக் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வாற்கோதுமை வயல்களுக்கு நடுவே 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய தானியக் கொட்டகை. சிக்கிமுக்கிக் கல்லை வரிசையாகப் பதித்து, மூலைகளுக்கும் கதவோரங்களுக்கும் செங்கல் கொடுத்த சுவர். வளைந்த சிவப்பு ஓடு. உள்ளே ஓக் மர விட்டங்கள். நான்கு படுக்கையறை. அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் கிரேடு 2. விலை ஏழரை லட்சம் பவுன். அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் நம்மூர்க்காரன் எவனும் கும்பிடு போட்டு விலகியிருப்பான். சனி பகவான் இதைவிடத் தெளிவாக விளம்பரம் கொடுக்க முடியாது. நானோ சேமித்து வைக்கும் பொத்தானை அழுத்தினேன்.

மனைவியிடம் சொல்லும் துணிச்சல் வராமல் முதலில் அம்மாவிடம் சொன்னேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாட்ஸாப் அழைப்பில் அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"என்ன வீடுடா அது?"

"பழைய களஞ்சியம்மா. கோதுமை போட்டு வைக்கிற கொட்டகை. அதை வீடா மாத்தியிருக்காங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, "ஏண்டா, உங்கப்பா அம்புட்டுக் கஷ்டப்பட்டு உன்னைப் படிக்க வச்சது பத்தாயத்துல போய்ப் படுக்கிறதுக்கா?" என்றாள்.

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. களத்துமேட்டில் போரடிக்கிற நாளில் சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சாக்குச் சொல்லி மாமா வீட்டுக்கு ஓடிப்போகிற பையன் நான். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பத்தாயம் நின்றது. அதன் அடிக்கதவைத் திறந்து நெல் சரிகிற சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு மூட்டை பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. களத்திலிருந்து தப்பிப்பதற்காகவே பி.காம். படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அப்படித் தப்பித்தவன் ஐயாயிரம் மைல் வந்து இன்னொருவன் களத்தை ஏழரை லட்சத்துக்கு விலை கேட்கிறேன் என்றால் அம்மா வேறென்ன சொல்வாள்?

அடுத்த சறுக்கல் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில். விற்பனைக் குறிப்பில், விட்டங்கள் பழைய கப்பல்களிலிருந்து வந்தவையாகச் சொல்லப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த 'சொல்லப்படுகிறது' எனக்குப் போதவில்லை. நான் அதை ஸ்பெயின் ஆர்மடாவாகவே ஆக்கிவிட்டேன். 1588-இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த கப்பற்படை, புயல், உடைந்த பாய்மரங்கள், கரை ஒதுங்கிய மரத்தை இழுத்துச் செல்லும் நார்ஃபோக் உழவர்கள் என்று பிரியாணித் தட்டோடு நின்று ஒரு சரித்திரப் படமே ஓட்டினேன். கூட்டத்தில் திருச்சிக்காரர் ஒருவர், சிவில் இன்ஜினியர், "பார்ன் கட்டினது எந்த வருஷம்னு சொன்னீங்க?" என்றார். 1770 வாக்கில் என்றேன். "அப்போ அந்த மரம் நடுவுல இருநூறு வருஷம் எங்கே சார் குடியிருந்துச்சு?"

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்தில் விட்டம் உள்ள பழைய வீடு ஒவ்வொன்றுக்கும் இந்தக் கப்பல் கதை உண்டாம். மரக்கட்டடங்களை ஆராய்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. ஓக்கைப் பச்சையாக வெட்டி, ஈரம் காயுமுன்பே இழைத்து, அந்தக் கட்டடத்துக்கென்றே பொருத்துவதுதான் வழக்கம். விட்டத்தில் காரணமில்லாமல் தெரிகிற வெற்றுத் துளைகளைப் பார்த்துத்தான் ஜனங்கள் கப்பல் என்கிறார்கள். அவை அநேகமாக, அதற்கு முன்பிருந்த இன்னொரு கொட்டகையைப் பிரித்து மரத்தை மறுபடி பயன்படுத்தியதன் தடயம். நம்மூரில் பழைய வீட்டைப் பிரித்தால் உத்தரத்தையும் நிலையையும் பத்திரமாக எடுத்து வைப்பார்களே, அந்தச் சிக்கனம்தான். ஆர்மடா இல்லை.

கடைசியில் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. "பார்த்துட்டு வந்துடலாம், அப்போதான் உங்களுக்குத் தெளியும்" என்றாள். வைத்தியம் சொல்கிற தொனி. மே மாதத்து வார இறுதி ஒன்றில் பிள்ளைகளை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஆராய்ச்சி என்ற பெயரில் முதல்நாள் கிழக்குக் கரையில் வாக்ஸம் கிராமத்துப் பெரிய பார்னுக்கு அழைத்துப்போனேன். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது, நாணல் கூரை, ஏறத்தாழ 54 மீட்டர் நீளம். அரசர் எட்டாம் ஹென்றி கலைத்த மடாலயங்களிலிருந்து பெயர்த்த கற்களையும் சுவரில் சேர்த்திருக்கிறார்கள். அதன் நடுவே நின்றபோது சாதாரண மனிதனுக்கு ஒரு கேள்வி தோன்றியிருக்கும்: இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஏன் ஒரு ஜன்னலைக் காணோம்? என் மனைவிக்குத் தோன்றியது, கேட்கவும் செய்தாள். "அந்தக் காலத்து ஸ்டைல்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தேநீர்க் கடையில் கேக் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள், அந்த வீட்டுக்குப் பக்கத்து ஊரான பிளேக்னி. வீடு காட்டும் நேரத்துக்கு முன்னதாகவே போய்விட்டதால் படகுத்துறையில் காரை நிறுத்தினேன். எதிரே சதுப்பு நிலம், வளைந்து வளைந்து போகிற ஓடை, சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள். கடலையே காணோம், அது சதுப்புக்கு அப்பால், மணல்திட்டுக்கும் வெளியே எங்கோ இருக்கிறது. நிறுத்துமிடத்தில், பெரிய கடலேற்றத்தின்போது இங்கே தண்ணீர் வரும் என்று பலகை வைத்திருந்தார்கள். படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடல் எப்படி வரும் என்று என் அறிவு சொன்னது. சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குள் மேட்டுத் தெருவில் நடந்து, ஒவ்வொரு வீட்டின் சிக்கிமுக்கிச் சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், காரின் சக்கரம் பாதி தண்ணீரில். அலையுமில்லை, சத்தமுமில்லை, ஓடை வழியாக அது பாட்டுக்கு ஏறி வந்துவிட்டது. ரப்பர் பூட்ஸ் போட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

"நேத்து பௌர்ணமிங்க. காலண்டர்ல கிழிக்கும்போதே பார்த்தேன்" என்றாள் மனைவி. அடுப்படியில் தொங்கும் தினசரிக் காலண்டரை நான் ராகுகாலத்துக்குக்கூடப் பார்ப்பதில்லை. காலுறையைக் கழற்றி, பேண்டை மடித்துவிட்டு இறங்கிக் காரை எடுத்தேன். ஏழரை லட்சம் பவுன் வீட்டைப் பார்க்கப் போனவன் முழங்கால் வரை ஈரத்தோடும் உப்புச்சேற்று வாசனையோடும் போய் நின்றேன்.

வீட்டைக் காட்ட வந்த ஏஜெண்ட் பையன் நல்ல பையன். ஈரத்தைக் கவனிக்காதவன் மாதிரியே நடந்துகொண்டான்.

உள்ளே நுழைந்ததும் வாயடைத்துத்தான் போனேன், அதில் மிகைப்படுத்தல் இல்லை. இரண்டு பக்கமும் எதிரெதிரே மாபெரும் வாசல்கள். முன்பு மரக்கதவு இருந்த இடத்தில் இப்போது தரையிலிருந்து கூரை விளிம்பு வரை கண்ணாடி. ஒரு பக்கம் முற்றம், மறுபக்கம் பச்சை வயல், அதற்கு மேல் நார்ஃபோக்கின் பெரிய வானம். நடுவில் நின்றால் வீட்டைத் துளைத்துக்கொண்டு வெளிச்சம் போகிறது. கும்பகோணத்தில் இருக்கும் மனைவியின் பெரியப்பாவுக்கு அங்கிருந்தே படம் அனுப்பினேன். "வாசல்ல நின்னா கொல்லை தெரியுது. சாஸ்திரப்படி உத்தமம்" என்று உடனே பதில் வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு.

அந்த வாசல்கள் எதிரெதிரே இருப்பதற்குக் காரணம் சாஸ்திரமில்லை, காற்று. கதிர் ஏற்றிய வண்டி ஒரு பக்கம் உள்ளே வரும். சரக்கை நடுத்தளத்தின் இரண்டு பக்கமும் கூரை முட்ட அடுக்குவார்கள். காலி வண்டி மறுபக்கம் போய்விடும். குளிர்காலம் முழுக்க அந்த நடுத்தளத்தில் ஆட்கள் தடியால் கதிரடிப்பார்கள். அடித்த பிறகு இரண்டு கதவையும் திறந்துவிட்டால் ஊடுகாற்று பிய்த்துக்கொண்டு போகும், தூற்றிப் பதரைப் பிரிப்பார்கள். அந்த வேலைதான் குளிர்காலத்தில் கூலியாட்களுக்குச் சோறு. பிறகு கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. 1830-இல் தென்னிங்கிலாந்து முழுக்கக் கூலியாட்கள் கிளம்பி இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள், நார்ஃபோக்கிலும் நடந்தது. நார்த் வால்ஷம் பகுதி நீதிபதிகளே, வம்பு வேண்டாம், இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள் என்று பண்ணைக்காரர்களுக்கு எழுதினார்கள். எங்கள் ஊரில் அறுவடை இயந்திரம் முதன்முதலாக வந்திறங்கியபோது வரப்பில் நின்ற முகங்கள் நினைவுக்கு வந்தன. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். தூற்றுவதற்கென்றே காற்றை இழுத்துவரக் கட்டிய இடத்தில் சோபா போட்டு உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் மே மாதத்தில், வீட்டுக்குள், பஞ்சு வைத்த கையில்லாத ஜாக்கெட்டும் கம்பளிக் காலுறையும் போட்டிருந்தார். கிராமத்து நாகரிகம் போலிருக்கிறது என்று ரசித்தேன்.

சுவரில் உயரமாகச் செங்குத்துப் பிளவுகள் இருந்தன. இப்போது அவற்றுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். "அம்பு எய்வதற்கா?" என்று ஏஜெண்டைக் கேட்டேன். பையன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். தானியம் புழுங்கிவிடாமல் இருக்கக் காற்றுப் போக விட்ட துவாரம் என்றான். வாற்கோதுமை மூட்டைகளை யார் முற்றுகையிட வருவார்கள் என்று அவன் கேட்கவில்லை.

மனைவி அதற்குள் ஒரு தூணருகே போய் நின்றுவிட்டாள். தூணும் விட்டமும் சேருகிற இடத்தில், விரல் நீளத்துக்குச் சில கீறல்கள். தூணில் மூன்று கோடு, அதன்மேல் சேர்கிற மரத்திலும் அதே மூன்று கோடு. அடுத்த தூணில் நான்கு, அதன் ஜோடியிலும் நான்கு. உளியால் ஒரே இழுப்பில் இழுத்தது. ஓரம் இன்னும் மழுங்கவில்லை, விரல் வைத்தால் நகம் மாட்டுகிறது. எத்தனை மூட்டை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் என நான் விளக்க ஆரம்பித்தேன்.

"இல்லீங்க. ஆசாரி நம்பர் போட்டிருக்கார்" என்றாள். அவள் தாத்தா தச்சர். பட்டறையில் தரையில் வைத்தே சட்டத்தைப் பொருத்திப் பார்த்து, பிரித்து, வண்டியில் ஏற்றிப்போய் வேலை நடக்கிற இடத்தில் மறுபடி பூட்டுவார்கள். எந்தக் காலுக்கு எந்தக் கை என்று மாறிவிடாமலிருக்க இரண்டிலும் ஒரே குறி. ஏஜெண்ட் மலர்ந்துபோனான். இத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன், சொல்லாமலே கண்டுபிடித்தது நீங்கள்தான் என்றான். அதற்குப் பிறகு விளக்கங்களை அவன் அவளிடம்தான் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டேன்.

மாடிக்கு ஏறினோம். வைக்கோல் பரணாக இருந்த பகுதியைப் படுக்கையறையாக்கியிருந்தார்கள். "நல்ல உயரம்" என்று சொல்லிக்கொண்டே குறுக்கு விட்டத்தில் நெற்றியை மோதினேன். நான் ஐந்தரை அடிதான். வாழ்நாளில் எதிலும் தலை முட்டிய அனுபவமில்லை. அந்த விட்டத்தில் என் நெற்றி மட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப்பட்டை ஒட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளி மோதிவிட்டேன். அதை வெட்டவோ உயர்த்தவோ முடியாது. பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். அபராதத்துக்கு மேல்வரம்பில்லை, சிறையும் உண்டு, இரண்டு வருஷம் வரை. முந்தைய சொந்தக்காரர் செய்த மாற்றமாயிருந்தாலும், மறுபடி பழையபடி ஆக்கு என்ற நோட்டீஸ் இப்போதைய சொந்தக்காரருக்குத்தான் வரும்.

முக்கோணச் சுவரின் உச்சியில் வட்டமாக ஒரு பொந்து. ஆந்தைக்கு விட்ட வழி. எலிகளைப் பிடிக்க ஆந்தை வரட்டும் என்று பண்ணைக்காரர்களே கட்டும்போது விடுவார்கள். "இப்பவும் வருமா?" என்றேன். சில வருஷம் வரும் என்றான் பையன், அதுவும் விலைக்குள் அடக்கம் என்கிற பெருமையோடு. ஆந்தை கூரையில் அலறினால் சொம்புத் தண்ணீர் தெளித்து விரட்டுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். "அதை அடைச்சுடலாம். ஒரு வலை போட்டா போதும்" என்றேன். பையனின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி கூடு கட்டும் கூகையைத் தொந்தரவு செய்வதே குற்றம். வௌவால் இன்னும் மேல்: அது இல்லாத காலத்திலும் அதன் இருப்பிடத்தைத் தொடக்கூடாது. அங்கிருந்து கிழக்கே பேஸ்டன் கிராமத்தில் 1581-இல் கட்டிய 70 மீட்டர் பார்ன் ஒன்று இருக்கிறது. அங்கே அரிய வகை வௌவால்கள் குட்டி போடுகின்றன என்பதால் கட்டடமே இயற்கைக் காப்பகம். மனிதருக்கு அங்கே வீட்டுக்கடன் கிடைக்காது, வௌவாலுக்கு வாடகையே கிடையாது.

வெளியே வடக்குச் சுவரில் ஒரு பகுதி மட்டும் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. "நல்லாப் பராமரிச்சிருக்காங்க" என்று தட்டிக் கொடுத்தேன். அது சிமெண்ட். அந்தக் காலச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. உறிஞ்சிய ஈரத்தைக் காரை வழியாகவே வெளியே விடும். யாரோ ஒருவர் சிமெண்டால் அடைத்துவிட்டதால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்த்து, செங்கல்லின் முகமே பொரிந்து உதிர்ந்திருந்தது. நான் தட்டியதில் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. மொத்தச் சுவரில் வீணான பகுதியைத் தேடிப்போய்ப் பாராட்டியிருக்கிறேன்.

கடைசியாக மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அண்ணாந்து, கூரையின் உள்முகட்டைப் பார்த்தபடி கேட்டாள். "ஒட்டடை எப்படி அடிப்பீங்க?"

வீட்டுக்கார அம்மாளின் முகத்தில், இத்தனை நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரின் நிம்மதி தெரிந்தது. எட்டு மீட்டர் உயரம். சாரம் கட்டி அடிக்க ஆள் வரவேண்டும். ஆள் போன மறுவாரமே சிலந்தி வந்துவிடும். அந்த ஒரு கேள்வியில் இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். நான் கண்ணாடி வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் மற்றதெல்லாம் வெளியே வந்தது. கேஸ் லைன் கிடையாது, மண்ணெண்ணெய் தொட்டி. சூடெல்லாம் நேரே முகட்டுக்குப் போய்விடுகிறது, கீழே மனிதர்கள் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுப்பகுதியைத் தரையிலிருந்து கூரை வரை திறந்தே வைக்கவேண்டும் என்பது வீடாக மாற்ற அனுமதி கொடுத்தபோதே போட்ட நிபந்தனை, தடுப்புச் சுவர் எழுப்ப முடியாது. கடுகு தாளித்தால் நான்கு படுக்கையறைக்கும் போகும். நெத்திலி வறுத்தால் ஆந்தையே கீழே இறங்கி வரும். கணவர் குறட்டை விட்டால் கூரை முழுக்கக் கேட்கிறது என்று அந்த அம்மாள் சொன்னதாக மனைவி பிற்பாடு சொன்னாள்; சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்துக் கடையில் தண்ணீர் வாங்க நின்றோம். வீடு பார்க்க வந்தோம் என்று நானாகவே பீற்றிக்கொண்டேன். கல்லாவில் இருந்த பெண்மணி, "வருஷம் முழுக்க இருப்பீர்களா, வார இறுதிக்கா?" என்று கேட்டார். வேலை லண்டனில், பிள்ளைகள் பள்ளிக்கூடம், அதனால் இப்போதைக்கு வார இறுதிதான் என்றேன். "ஓ" என்றார், மீதிச் சில்லறையைத் தட்டில் வைத்தார். அவ்வளவுதான். அந்த 'ஓ'வுக்கு அர்த்தம் அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கரையோரத்தில் வீடுகளை லண்டன்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் பூட்டிப்போவதால் உள்ளூர்ப் பிள்ளைகள் பிறந்த ஊரில் வாடகைக்குக்கூட வீடு கிடைக்காமல் உள்நாட்டுக்கு நகர்ந்து போகிறார்கள். 2023-இல் பர்ன்ஹாம் மார்க்கெட் கிராமத்தார், இனி கட்டும் புது வீடுகள் இரண்டாம் வீடாகப் போகக்கூடாது என்று வாக்களித்தே முடிவெடுத்தார்கள். அன்று முழுக்க நான் உளறியதில் மற்றதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இது அப்படியில்லை. இன்னும் கூசுகிறது.

இத்தனைக்குப் பிறகு தெளிந்திருக்க வேண்டுமே! இல்லை. முத்திரைத்தீர்வையே பெருந்தொகை வரும் என்று கணக்குப் போட்டும், திங்கட்கிழமை மதிய இடைவேளையில், வெட்கமில்லாமல் கேட்ட விலையை விடக் குறைத்து ஒரு தொகையை ஏஜெண்டுக்கு மெயில் அனுப்பினேன். கீழே, என் தாத்தாவும் உழவர், இந்தக் கட்டடத்தின் ஆன்மா எனக்குப் புரிகிறது என்று இரண்டு பத்தி. பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. மிகவும் நெகிழ்ச்சியான கடிதம், நன்றி. உங்கள் வீடு விற்பனைக்குப் போட்டாகிவிட்டதா? வங்கியின் ஒப்புதல் கடிதத்தை இணைக்க முடியுமா?

வீட்டை விற்பனைக்குப் போடவில்லை. வங்கியில் கேட்கவுமில்லை. வீட்டிலேயே சொல்லவில்லை. இரண்டு நாள் மௌனமாயிருந்துவிட்டு, ஆண்பிள்ளைகளின் பரம்பரை உத்தியைக் கையாண்டேன்: "என் மனைவிக்கு அவ்வளவாக விருப்பமில்லை. அவளுடைய உணர்வுகளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியிருக்கிறது." அனுப்பியதும் உடம்பு லேசானது. பழி அவள்மேல் போனது, பெருந்தன்மை என் பெயரில் ஏறியது.

பார்க்க வருவதற்குப் பதிவு செய்தபோது, என் போன் அலுவலகத்தில் எடுக்க முடியாது என்று மனைவியின் எண்ணைக் கொடுத்திருந்ததை மறந்தே போனேன்.

பையன் அவளைக் கூப்பிட்டுவிட்டான். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று உங்கள் கணவர் எழுதியிருக்கிறார், வருத்தமாக இருக்கிறது, எந்த அம்சம் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் வேறு காட்டலாம் என்று கேட்டிருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க விலை கேட்டீங்களாமே?"

காலணியைக் கழற்றுவதில் கவனமாயிருந்தேன்.

"எனக்குத்தான் பிடிக்கலையாமே?"

அதற்கும் பதிலில்லை. கத்தி வேகம் மாறாமல் வெண்டைக்காயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பையன் வேற ஒண்ணு சொன்னான். கடலோரக் காவல்காரங்க குடியிருந்த வரிசை வீடாம், ரெண்டே படுக்கையறை, விலையும் பாதிக்குக் கீழே. நாம வாங்கறதுக்கு இல்ல, விடுமுறைக்கு ஒரு வாரம் வாடகைக்கும் விடறாங்களாம். ஆகஸ்ட்ல பிள்ளைங்களுக்கு லீவு, சரின்னு சொல்லி முன்பணம் கட்டிட்டேன்."

"விலை பாதிக்குக் கீழேன்னு சொன்னே?"

"விலைய விடுங்க. முதல்ல கூரை எவ்வளவு உயரம்னுதான் கேட்டேன். ஒட்டடைக்கம்பு எட்டுமாம்."